தறியின் ஓசை ஏன் பிந்துகிறது?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் ஐயம்பேட்டை என்னும் ஊர் உள்ளது. தஞ்சை மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. நாம் இங்கே குறிப்பிடுவது காஞ்சிபுரத்து ஐயம்பேட்டையை. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. தெருவில் நடந்து செல்லும்போதே வீடுகளுக்குள்ளிருந்து தறி ஓசை கேட்கும்.

இவ்வூர் மாணவி ஒருத்தி, தன் தாத்தா கோர்வைச் சேலை நெய்வதைப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காகப் படம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். கோர்வை என்பது சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறப் பட்டில், தனித்தனி நாடாக்களைக் கொண்டு நெய்து, ஒவ்வோர் ஊடையிலும் அவ்விரண்டையும் ஒன்றோடொன்று கோத்துப் பிணைக்கும் வேலையாகும். மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள உதவியாள் ஒருவர் அருகில் அமரவேண்டும். கால் மிதிப்பது, பாவு இரண்டாகப் பிரிவது, நாடா ஓடுவது, ஊடையை அடித்து நெருக்குவது என்ற வரிசை மாறக் கூடாது. இவ்வாறு நெய்யத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. ஆகவே அந்தப் படம் கண்காட்சியோடு முடிந்துபோகும் பொருளன்று. பிற்காலத்தில் ஒருவர் அதைப் பார்த்தே தொழில் பழக நேரலாம்.

மாணவி ஒரு கைப்பேசியைத் தறிக்கு எதிரே முக்காலியில் நிறுத்திப் படம் எடுத்தாள். தாத்தாவின் விளக்கம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காக இன்னொரு கைப்பேசியை அவர் அருகில் வைத்து ஒலியைப் பதிவு செய்தாள். பதிவு 40 நிமிடம் ஓடியது. பிறகு கணிப்பொறியில் தொகுப்பு மென்பொருளைத் திறந்து, படத்தின் கீழே அந்த ஒலியைப் பொருத்தினாள். தொடக்கத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கடைசிப் பகுதியில், சட்டம் ஊடையை அடிக்கும்போது ஓசையில்லை. அடுத்த நாடா பாதி வழி ஓடும்போது "தடக்" என்று கேட்கிறது! இப்படத்தைப் பார்த்துப் பழகுகிறவர் நாடா ஓடும்போது அடிக்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டால் என்ன ஆகும்?

ஓசை ஏன் பிந்தியது? அது பிந்தியதா, அல்லது படம் முந்தியதா? இதைக் கண்டுபிடிப்பது நல்ல துப்பறியும் வேலை. தேவையானவை வகுத்தல் கணக்கும் சிறிது பொறுமையும் மட்டுமே.

முதலில் குற்றமற்றவர்களை விடுவிப்போம்

எந்தப் பழுதையும் ஆராயும் முன், பழுது உண்மையிலேயே கோப்பில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கம்பியில்லாப் புளூடூத் காதணிக் கருவியில் கேட்டால் ஓசை 0.1 முதல் 0.3 விநாடி வரை பிந்தி வருவது இயல்பு. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிப்பதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது. சில மென்பொருள்கள் அந்த நேரம் படத்தையும் நிறுத்திவைத்து இதைச் சரிக்கட்டிவிடும், சில சரிக்கட்டா. கணிப்பொறி மெதுவானதாக இருந்தால் பெரிய படத்தை ஓட்டும்போது படம் தடுமாறும். ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே கம்பியுள்ள ஒலிக்கருவியை மாட்டி, ஒரு நிமிடத் துண்டைத் தனிக் கோப்பாக வெளியேற்றி, அதை வேறொரு கருவியில் ஓட்டிப் பார்ப்பது முதல் வேலை. அங்கே சரியாக இருந்தால் தொகுப்பில் கைவைக்கவே வேண்டாம்.

அடுத்து நம் கண்ணையும் காதையும் பற்றி ஒரு சொல். ஒலி ஒளியைவிட மிக மெதுவாகச் செல்கிறது என்பதை அறிவீர்கள். நம் ஊர் வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். 35 மீட்டர் தொலைவில் துணி துவைப்பவரின் அடி, நமக்கு 0.1 விநாடி தாமதமாகவே கேட்கும். இயற்கையில் ஓசை காட்சிக்குப் பிந்தி வரும். ஒருபோதும் முந்தி வராது. இதற்குப் பழகிய மூளை, பிந்திவரும் ஓசையைப் பொறுத்துக்கொள்கிறது. முந்திவரும் ஓசையை உடனே கண்டுபிடித்துவிடுகிறது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 0.045 விநாடி முந்தினாலே பார்ப்பவர் உணரத் தொடங்குகிறார், பிந்தினாலோ 0.125 விநாடி வரை உணர்வதில்லை. எனவே பொருத்தும்போது ஐயம் ஏற்பட்டால், ஒலி ஒரு கட்டம் பிந்தியிருக்குமாறு விடுவதே நல்லது.

பேச்சில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. காதால் மட்டுமன்றி, பேசுபவரின் உதட்டைப் பார்த்தும் நாம் கேட்கிறோம்! 1976 இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்னும் ஆய்வாளர்கள் இதைக் காட்டினர். 'கா' என்று உதடசைக்கும் படத்துடன் 'பா' என்ற ஒலியைச் சேர்த்து ஓட்டியபோது, பலர் 'டா' என்ற வேறொரு ஒலியைக் கேட்டதாகக் கூறினர். உதடும் ஒலியும் பொருந்தாத படத்தைப் பார்த்தால் காரணம் தெரியாமலே சலிப்புத் தோன்றுவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

பேசும் படத்தோடு பிறந்த தொல்லை

இந்தத் தொல்லை கணிப்பொறி கொண்டுவந்ததன்று. 1927 இல் அமெரிக்காவில் வெளிவந்து புகழ்பெற்ற 'ஜாஸ் பாடகன்' படத்தின் ஒலி, படச்சுருளில் இல்லை. தனியே ஓர் இசைத்தட்டில் இருந்தது. ஒரு தட்டு ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். அதற்குள் ஒரு படச்சுருளும் முடிந்துவிடும். சுருளின் தொடக்கக் குறியும் தட்டின் தொடக்கக் குறியும் பொருந்துமாறு வைத்து, இரண்டையும் ஒரே மோட்டாரால் சுழற்றினார்கள். படச்சுருள் நடுவில் அறுந்தால் என்ன செய்வது? சாதாரணமாகச் செய்வதுபோல் கெட்ட துண்டை வெட்டிவிட்டு ஒட்டினால், அதன் பிறகு வரும் ஒலியெல்லாம் பிந்திவிடும். ஆகவே எத்தனை கட்டங்களை வெட்டினார்களோ அத்தனை கறுப்புக் கட்டங்களை எண்ணி ஒட்டினார்கள். இந்தக் கறுப்புக் கட்டங்களை நினைவில் வையுங்கள். நம் மாணவியின் படத்தில் நடந்ததற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று வெளிவந்தது. எச். எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளியாகித் தமிழ்ப் பேச்சைத் திரையில் கேட்கச் செய்தது. 'ஆலம் ஆரா'வில் படமும் ஒலியும் ஒரே கருவியில், ஒரே சுருளில், ஒரே நேரத்தில் பதிவாயின. ஒரே மோட்டார் என்பதால் ஒன்று முந்தவோ மற்றொன்று பிந்தவோ வழியில்லை. ஆனால் வெட்டி ஒட்டுவது பெருந்தொல்லை. ஏன் என்று காண்போம்.

திரைப்படச் சுருளில் படம் விநாடிக்கு 24 தடவை நின்று நின்று நகரவேண்டும். நிற்காவிட்டால் திரையில் உருவம் கலங்கும். ஒலியைப் படிக்கும் இடத்திலோ சுருள் சிறிதும் தயங்காமல் சீராக ஓடவேண்டும். தயங்கினால் குரல் நடுங்கும். ஒரே இடத்தில் இரண்டையும் செய்ய முடியாது. ஆகவே 35 மில்லிமீட்டர் படத்தில் ஒரு கட்டத்துக்குரிய ஒலி, அக்கட்டத்தின் பக்கத்தில் இல்லாமல் ஏறக்குறைய 20 கட்டங்கள் தள்ளிப் பதிக்கப்பட்டது. படத்தை வெட்டவேண்டிய இடத்தில் கத்தரித்தால் வேறிடத்து ஒலியல்லவா வெட்டுப்படும்! இதனால் ஒலிக்குத் தனிக் கருவி, படத்துக்குத் தனிக் கருவி என்னும் முறை நிலைத்தது. அத்துடன் வந்ததுதான் படப்பிடிப்பில் அடிக்கும் 'கிளாப்' பலகை.

கிளாப் அடிப்பது சடங்கு என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை, அது ஓர் அளவைக் கருவி. இரு கட்டைகள் ஒன்றையொன்று தொடும் கட்டத்தைப் படத்தில் கண்ணால் காணலாம். ஒலியில் அதே கணம் ஒரு கூர்மையான முள்ளாக எழும். முள்ளையும் கட்டத்தையும் நேராக வைத்தால் இரண்டும் பொருந்தின.

கிளாப் அடிக்க மறந்துவிட்டால்? தமிழ் எழுத்துகளே உதவும். ப, ம ஆகிய இரண்டும் உதடுகள் இரண்டும் ஒட்டினால்தான் பிறக்கும் என்பது தொல்காப்பியம் முதற்கொண்டு நம் இலக்கண நூல்கள் கூறும் செய்தி. தாத்தா "பாவு" என்றோ "பட்டு" என்றோ தொடங்கும்போது மூடிய உதடு திறக்கும் கட்டமே ஒலி வெடிக்கும் கணம். மொழிமாற்றுப் படத்துக்கு உரையாடல் எழுதுவோரைப் பாடுபடுத்துவதும் இதே உதடுதான். ஏவி. மெய்யப்பன் 1943 ஆம் ஆண்டின் கன்னடப் படமான 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் சேர்த்து 1944 இல் வெளியிட்டார். கன்னடத்தில் பாலுக்கு 'ஹாலு', போ என்பதற்கு 'ஹோகு'. நடிகரின் உதடு அங்கே மூடவே மூடாது, நமக்கோ மூடியாகவேண்டும்!

ஒரு கைதட்டல் போதாது

இப்போது நம் மாணவியின் சிக்கலுக்கு வருவோம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, அதைக் கொண்டே அவள் ஒலியைப் பொருத்தினாள். இறுதியிலும் ஒருமுறை கைதட்டியிருந்தாள். இந்த இரண்டாவது கைதட்டலே முக்கியமானது. ஏனெனில் பொருந்தாமை இருவகைப்படும்.

முதல்வகை, நிலையான விலகல். தொடக்கத்தில் 0.3 விநாடி பிந்தினால் முடிவிலும் 0.3 விநாடியே பிந்தும். ஒலியை அவ்வளவு முன்னே நகர்த்திவிட்டால் தீர்ந்தது. இதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

இரண்டாம்வகை, வளரும் விலகல். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போகப் பெருகும். இதை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. முன்னால் பொருத்தினால் பின்னால் கெடும், பின்னால் பொருத்தினால் முன்னால் கெடும். பலர் இவ்விடத்தில் ஒலியைப் பத்துத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளி வைத்துப் பொழுதைப் போக்குகிறார்கள். அது நோயறியாமல் மருந்து கொடுப்பது.

படத்தில் முதல் தட்டலுக்கும் கடைசித் தட்டலுக்கும் இடையே உள்ள நேரத்தை அளவிடுங்கள். ஒலியிலும் அதே இரு தட்டல்களுக்கு இடையே உள்ள நேரத்தை அளவிடுங்கள். சிறியதைப் பெரியதால் வகுங்கள். வரும் எண் பெரும்பாலும் குற்றவாளியின் பெயரையே சொல்லிவிடும். எவ்வாறெனப் பார்ப்போம்.

எண் 0.99995 என்பதை ஒட்டி வருகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு கருவியிலும் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்து கடிகாரம்போல் வேலை செய்கிறது. எந்த இரு படிகங்களும் முற்றிலும் ஒத்தவை அல்ல. வெப்பநிலை மாறினாலும் அதிர்வு சிறிது மாறும். கைக்கடிகாரம் மாதத்துக்குச் சில விநாடிகள் முந்துவதும் பிந்துவதும் இதனால்தான். இரு கைப்பேசிகளின் படிகங்கள் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வேறுபட்டால், ஒரு மணி நேரத்தில், அதாவது 3600 விநாடியில், 0.18 விநாடி விலகல் சேரும். விநாடிக்கு 25 கட்டம் ஓடும் படத்தில் இது நான்கரைக் கட்டம். பத்து நிமிடப் படத்திலோ ஒரு கட்டம்கூட ஆகாது. எனவே குறும்படம் எடுப்பவர் இதற்குக் கவலைப்பட வேண்டாம். மூன்று மணிக் கச்சேரி எடுப்பவர் கட்டாயம் கவலைப்படவேண்டும்.

எண் 0.999 என்று வந்தால், அமெரிக்காவில் 1953 இல் வண்ணத் தொலைக்காட்சிக்காகச் செய்த ஏற்பாடு ஒன்று உங்கள் வீட்டுக்குள் புகுந்திருக்கிறது. அங்கே கறுப்பு-வெள்ளைப் படம் விநாடிக்கு 30 கட்டமாக ஓடியது. வண்ணக் குறிப்பலையும் ஒலிக் குறிப்பலையும் ஒன்றையொன்று கெடுக்காதிருக்க அதை 1001க்கு 1000 என்ற வீதத்தில் குறைத்து 29.97 ஆக்கினார்கள். 29.97 கட்டப் படத்தை 30 என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 விநாடி குறையும். இந்தியத் தொலைக்காட்சி 25 கட்ட முறையைப் பின்பற்றியதால் நாம் இதிலிருந்து தப்பியிருந்தோம். கைப்பேசிகள் வந்தபின் தப்ப முடியவில்லை.

எண் 0.96 என்றால் 24க்கும் 25க்கும் இடையே குழப்பம். 150 நிமிடத் திரைப்படத்தை 25 கட்டமாக ஓட்டினால் 144 நிமிடத்தில் முடிந்துவிடும்! ஒலியையும் சேர்த்து விரைவுபடுத்தினால் பொருத்தம் கெடாது. பாடகரின் சுருதிதான் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும்.

எண் 0.919 என்றால் குற்றம் படத்தில் இல்லை, ஒலிக்கோப்பில். எண்முறை ஒலிப்பதிவில் ஒலியலையின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக வைக்கிறோம். வீடியோவில் விநாடிக்கு 48,000 அளவுகள் வழக்கம், குறுந்தட்டில் 44,100. 44,100 என்று அளந்ததை 48,000 என்று எண்ணி ஓட்டினால், ஒரு நிமிட ஒலி 55.1 விநாடியில் முடிந்துவிடும். சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். நாகசுரத்தைக் கேட்டுப் பழகிய காது எண்ணைப் பார்க்காமலே இதைக் கண்டுபிடித்துவிடும்.

44,100 என்ற விந்தையான எண் எங்கிருந்து வந்தது? தொடக்கக் காலத்தில் எண்முறை ஒலியைத் தேக்கிவைக்க ஏற்ற கருவி வீடியோ நாடாப் பதிவு இயந்திரமே. கறுப்பு-வெள்ளைப் படக் கோடு ஒன்றுக்கு மூன்று அளவுகளாக, ஒலி எண்களைப் படக் கோடுகள் போலவே பதிந்தார்கள். விநாடிக்கு 60 புலங்கள் உள்ள முறையில் புலத்துக்கு 245 கோடுகள் பயன்பட்டன. 3 × 245 × 60 எவ்வளவு? 50 புலங்கள் உள்ள முறையில் 294 கோடுகள். 3 × 294 × 50 எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள். இன்று வீடியோவோடு சண்டையிடும் எண், வீடியோவின் வயிற்றில் பிறந்த பிள்ளை!

எந்த எண்ணிலும் அடங்காதது

மாணவி அளந்தாள். ஒலியில் இரு தட்டல்களுக்கும் இடையே 2400 விநாடி. படத்தில் 2398.4 விநாடி. வகுத்தால் 0.9993. மேலே சொன்ன எந்த எண்ணோடும் இது பொருந்தவில்லை. படிகங்களின் வேறுபாடு இவ்வளவு இராது, 0.999க்கு அருகில் இருந்தாலும் அதுவாக இருந்தால் 2397.6 அல்லவா வந்திருக்கவேண்டும்?

இத்தகைய நேரத்தில் மூன்றாவது அளவு வேண்டும். ஏறக்குறைய 20 ஆவது நிமிடத்தில் தாத்தா "பாவு" என்று சொல்லும் இடத்தில் பார்த்தாள். கடிகாரக் குற்றமானால் பாதி வழியில் விலகலும் பாதியாக, அதாவது 0.8 விநாடியாக இருக்கவேண்டும். அங்கே இருந்ததோ 1.4 விநாடி! முதல் பாதியில் 1.4, மறுபாதியில் 0.2 மட்டுமே. விலகல் சீராக வளரவில்லை, படிப்படியாகத் தாவியிருக்கிறது. கடிகாரங்கள் தாவா.

தாவுவது எது? தறி இருக்கும் அறையில் வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் கைப்பேசி ஒவ்வொரு கட்டத்துக்கும் கூடுதல் நேரம் ஒளியைத் திரட்டுகிறது. விநாடிக்கு 30 கட்டம் எடுக்க வேண்டுமானால் ஒரு கட்டத்துக்கு முப்பதில் ஒரு பங்கு விநாடிக்கு மேல் ஒதுக்க முடியாதல்லவா? அது போதாதபோது கைப்பேசி தானாகவே 24 கட்டங்களுக்கு இறங்கிவிடும்; வெளிச்சம் வந்ததும் 30க்கு ஏறும். இதற்கு மாறும் கட்டவீதம் என்று பெயர். முதல் பாதியில் வாசலை மறைத்தவாறு யாரோ வந்து நின்ற நேரம் மொத்தம் 7 விநாடி என்று கொள்ளுங்கள். விநாடிக்கு 6 வீதம் 42 கட்டங்கள் குறைந்தன. 42ஐ 30 ஆல் வகுத்தால் 1.4 விநாடி! மறுபாதியில் ஒரு விநாடி நேரம் மறைத்திருந்தால் 6 கட்டம், 0.2 விநாடி. கணக்கு நேராகிவிட்டது.

கைப்பேசி ஏமாற்றவில்லை. ஒவ்வொரு கட்டமும் எப்போது எடுக்கப்பட்டது என்பதைக் கோப்பில் ஒழுங்காகக் குறித்தே வைத்திருக்கிறது. பல ஓட்டும் மென்பொருள்கள் அக்குறிப்பைப் பார்த்துச் சரியாகவே காட்டும். சில தொகுப்பு மென்பொருள்களோ அதைப் பாராமல், கட்டங்களை முப்பதில் ஒரு பங்கு விநாடிக்கு ஒன்றாக வரிசையில் நிறுத்திவிடுகின்றன. 48 கட்டங்கள் குறைந்த படம் 1.6 விநாடி முன்னதாக முடிகிறது. ஓசை பிந்தவில்லை, படமே முந்தியது! அறுந்த சுருளை வெட்டி ஒட்டிவிட்டுக் கறுப்புக் கட்டங்களைச் சேர்க்க மறந்தது போன்ற நிலைதான் இது.

மருந்தும் அதுவே. குறைந்த கட்டங்களை ஈடுசெய்யவேண்டும். கறுப்புக்குப் பதில் முந்தின கட்டத்தையே இன்னொரு முறை நிரப்பவேண்டும். இதைக் கையால் செய்யவேண்டியதில்லை. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான கட்டவீதம் என்பதைத் தேர்ந்து, 30 என்று குறித்து, கோப்பை மாற்றி எழுதினால் போதும். 2400 விநாடிக்கு 72,000 கட்டங்கள் முழுமையாகக் கிடைக்கும். வெட்டி ஒட்டும் வேலையைத் தொடங்கும் முன்பே இதைச் செய்யவேண்டும். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். மாற்றி எழுதும் ஒவ்வொரு தடவையும் படத்தின் தெளிவு சிறிது குறையும்.

இதன்பின் மீண்டும் இரு தட்டல்களையும் அளந்தால் சிறு விலகல் எஞ்சலாம். அது படிகங்களின் வேலை. படத்தின் இடைவேளை 2400.00 விநாடியும் ஒலியின் இடைவேளை 2400.12 விநாடியுமாக இருந்தால், ஒலியின் நீளத்தை 2400 ÷ 2400.12, அதாவது 0.99995 மடங்காக்கவேண்டும். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் வேகத்தை மாற்றும் வசதி உண்டு. சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றும் வசதியும் அதில் இருக்கிறது. ஆனால் இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு நேரடியாக வேகத்தை மாற்றுவதே மேல். சுருதி வேறுபாடு எவர் காதுக்கும் எட்டாது, ஒலியும் கெடாது. 44,100க்கும் 48,000க்கும் இடையே உள்ள குழப்பத்தை மட்டும் இப்படி நீட்டிக் குறுக்கித் தீர்க்கக் கூடாது. அங்கே கோப்பின் அளவு வீதத்தைச் சரியாகக் குறித்தாலே நீளமும் சுருதியும் தாமே நேராகிவிடும்.

இனி, தறியைப் படம் பிடிப்பவர்களுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. தறி ஒவ்வோர் அடியிலும் தானே கிளாப் அடிக்கிறதே, கைதட்டுவது எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் எல்லா அடியும் ஒரே மாதிரி இருக்கின்றன! விநாடிக்கு ஓர் அடி வீதம் விழுகிறது என்று கொள்வோம். ஒலி 1.6 விநாடி பிந்தியிருந்தால், அடியை மட்டும் பார்ப்பவருக்கு 0.6 விநாடி என்றே தோன்றும். 0.6 விநாடி நகர்த்தினால் ஒவ்வோர் அடியும் ஓர் ஓசையோடு அழகாகப் பொருந்தும். ஆனால் அது முந்தின அடியின் ஓசை. தாத்தா பேசும்போதுதான் குட்டு வெளிப்படும். இரு ஒலிகளின் அலைவடிவத்தை ஒப்பிட்டுத் தானே பொருத்தும் வசதி கேடன்லைவ் போன்ற மென்பொருள்களில் இருக்கிறது. சீராகத் திரும்பத் திரும்ப வரும் ஓசையில் அந்த வசதியும் இவ்வாறே ஏமாறக்கூடும். தாள ஓசைக்கும் இது பொருந்தும். ஆகவே தறி ஓடத் தொடங்கும் முன் ஒரு தட்டல், நடுவில் இழை அறுந்து தறி நிற்கும்போது ஒரு தட்டல், முடிந்தபின் ஒரு தட்டல். மூன்றும் இரு கைப்பேசிகளிலும் பதியவேண்டும். நடுவில் கைப்பேசியை நிறுத்தி மீண்டும் ஓட்டினால் அது புதிய பதிவு. அதற்குத் தனித் தட்டல்கள் வேண்டும்.

செய்து பாருங்கள்

வைகாசியில் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாளுக்குக் கருடசேவை நடைபெறுகிறது. மாடியில் நின்று, 70 மீட்டர் தொலைவில் வரும் தவில்காரரைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுக்கிறீர்கள். உங்கள் நண்பர் தவிலின் அருகிலேயே நடந்தபடி ஒலியை மட்டும் பதிகிறார். உங்கள் கைப்பேசியில் பதிந்த ஓசை, தவிலில் கோல் விழும் காட்சிக்கு எத்தனை கட்டம் பிந்தியிருக்கும்? கட்டவீதம் 25 எனக் கொள்க.

விடை: 70 ÷ 350 = 0.2 விநாடி, எனவே 5 கட்டம். இது எந்தக் கருவியின் குற்றமுமன்று. நண்பரின் ஒலியை உங்கள் ஒலியோடு பொருத்தினால் அதுவும் 5 கட்டம் பிந்திவிடும். கோல் விழும் காட்சியோடு பொருத்தினால் சரியாகும். தெரு முழுதும் தெரியும் தொலைக்காட்சியில் அந்தத் தாமதத்தை அப்படியே விட்டுவிடலாம். மாடியில் நிற்பவருக்கு அப்படித்தான் கேட்கும். தவில்காரரின் கை திரையை நிறைக்கும் அண்மைக்காட்சியில் அதை நீக்கியாகவேண்டும். ஊர்வலம் உங்களை நெருங்க நெருங்க இந்த 5 கட்டம் 4, 3, 2 என்று குறைந்துகொண்டே வரும் என்பதையும் மறவாதீர்கள். அது எத்தனை மீட்டருக்கு ஒரு கட்டம் வீதம் குறையும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்.